படம் ஒன்று, உரிமம் பல: இணையப் பட வங்கிகளில் ஒளிப்படம் விற்றல்

கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இன்று சில ஆயிரம் ஒளிப்படங்கள் சேர்ந்து கிடக்கின்றன. எடுத்த நாளுக்குப் பிறகு அவற்றுள் பெரும்பாலானவற்றை எவரும் திறந்து பார்ப்பதில்லை. அவற்றிலிருந்து நாலு காசு பார்க்க முடியுமா என்ற கேள்வி அண்மைக் காலமாக எங்கள் போபோடி கிளையிலும் அடிக்கடி எழுகின்றது. கேமரா வாங்கக் கடன் கேட்டு வருகின்றனர் சிலர். கணக்கில் வெளிநாட்டுப் பணம் சிறு தொகையாக வரவாகியிருப்பதைக் காட்டி, இதற்கு வரி உண்டா என்று கேட்கின்றனர் வேறு சிலர். "உங்கள் படங்களை டாலருக்கு விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் செலுத்துங்கள்" என்று வந்த குறுஞ்செய்தியை நம்பலாமா என்று வினவுவோரும் உண்டு. இம்மூவருக்கும் பயன்படும் வகையில், மைக்ரோஸ்டாக் எனப்படும் இணையப் பட விற்பனையின் வரலாறு, நடைமுறை, சட்டம், கணக்கு ஆகியவற்றை இங்குத் தொகுத்துத் தந்துள்ளோம்.

பட வங்கி பிறந்த கதை

ஏற்கெனவே எடுத்த படத்தைச் சேர்த்து வைத்து, வேண்டுவோர்க்கு உரிமம் வழங்கும் தொழில் புதியதன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எச்.ஆர்ம்ஸ்ட்ராங் ராபர்ட்ஸ் 1920-ஆம் ஆண்டிலேயே அத்தகைய நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். விளம்பர நிறுவனமோ இதழோ ஒவ்வொரு தேவைக்கும் ஒளிப்படக் கலைஞரை அமர்த்திப் புதிதாகப் படம் எடுப்பதைவிட, இருப்பிலுள்ள படத்தைப் பயன்படுத்துவது சிக்கனமாக இருந்தது. ஆயினும் ஒரு படத்தின் உரிமத்துக்குப் பல நூறு டாலர் விலை இருந்தமையால் வாங்குவோரும் சிலரே, விற்போரும் சிலரே.

இத்தகைய இருப்புப் படங்களுள் உலகம் முழுவதும் அறிந்தது ஒன்று உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி கணினித் திரையில் நாம் ஆண்டுக்கணக்கில் பார்த்த பச்சைப் புல்மேடும் நீலவானமும் கலைஞர் கையால் தீட்டிய ஓவியம் என்று பலரும் எண்ணியிருந்தனர். உண்மையில் அது 1996 சனவரியில் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில், சாலையோரம் காரை நிறுத்தி சார்லஸ் ஓரியர் என்ற கலைஞர் பிலிம் கேமராவில் எடுத்த படம். அதனை அவர் வெஸ்ட்லைட் என்ற பட நிறுவனத்தில் இருப்பு வைத்தார். அந்நிறுவனத்தை 1998-இல் பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம் வாங்கியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அப்படத்தின் உரிமையைப் பெற்று, 2001-இல் வெளியான எக்ஸ்பி மென்பொருளில் பயன்படுத்தியது. வழிப்பயணத்தில் எடுத்த ஒரு படம் சில ஆண்டுகள் இருப்பில் கிடந்து, பிறகு பெருஞ்சொத்தாகியது.

விலையைத் தரைக்குக் கொண்டுவந்தது இணையம். கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் 2000-ஆம் ஆண்டில் ஐஸ்டாக்ஃபோட்டோ தளத்தைத் தொடங்கினார். முதலில் உறுப்பினர்கள் தம் படங்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் இடமாக இருந்த அது, விரைவில் மிகச் சிறு கட்டணத்துக்குப் படம் விற்கும் சந்தையாக மாறியது. 2006-இல் கெட்டி இமேஜஸ் நிறுவனம் அதனை 5 கோடி டாலருக்கு வாங்கியது. நியூயார்க்கில் மென்பொருளாளரான ஜான் ஓரிங்கர், தாம் எடுத்த சுமார் 30,000 படங்களை மூலதனமாகக் கொண்டு 2003-இல் ஷட்டர்ஸ்டாக்கைத் தொடங்கினார். மாதச் சந்தா கட்டினால் வேண்டிய படங்களை இறக்கிக்கொள்ளலாம் என்ற முறையை அவர் பரவலாக்கினார். அந்நிறுவனத்தின் பங்குகள் 2012-இல் நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பெற்றன. ஃபோட்டோலியா என்ற நிறுவனத்தை சுமார் 80 கோடி டாலருக்கு வாங்குவதாக 2014 திசம்பரில் அறிவித்த அடோபி, மறு ஆண்டில் அடோபி ஸ்டாக் என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கியது. இந்திய முகங்களையும் இந்திய வாழ்க்கையையும் காட்டும் படங்களுக்கென சந்தீப் மகேசுவரி 2006-இல் தில்லியில் இமேஜஸ்பஜார் நிறுவனத்தை நிறுவினார். கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையவிருப்பதாக 2025 சனவரியில் அறிவித்தன.

விற்பது படத்தையன்று, உரிமத்தை

இத்தொழிலைப் புரிந்துகொள்ள ஒன்றை மனத்தில் இருத்துதல் வேண்டும். நாம் படத்தை விற்றுவிடுவதில்லை. அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே வழங்குகின்றோம். வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவரே குடியிருக்க முடியும். படத்தையோ ஒரே நாளில் நூறு பேர் பயன்படுத்தலாம். பதிப்புரிமை நம்மிடமே இருக்கும். "ராயல்டி ஃப்ரீ" என்ற சொல்லைப் பார்த்து, படம் இலவசமாகப் போகின்றது என்று சிலர் அஞ்சுகின்றனர். ஒருமுறை உரிமக் கட்டணம் செலுத்தியவர், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் மீண்டும் மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

உரிமங்கள் இரு வகைப்படும். பொருளையோ சேவையையோ விளம்பரம் செய்யப் பயன்படுவது வணிக உரிமம். செய்தி, கட்டுரை, பாடநூல் போன்றவற்றில் பயன்படுவது செய்திப் பயன்பாட்டு உரிமம். வணிக உரிமத்துக்கான படத்தில் அடையாளம் காணத்தக்க முகம் இருந்தால் அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் படிவம் தேவை. சிறுவர் எனில் பெற்றோரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். நிறுவனச் சின்னங்கள், வணிகப் பெயர்கள் எவையும் தெரியக்கூடாது. செய்திப் பயன்பாட்டுப் படத்துக்கு இவ்வகை ஒப்புதல் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் நகரம், நாடு, நாள், நிகழ்வு ஆகியவற்றை உள்ளது உள்ளபடி விளக்கக் குறிப்பில் எழுத வேண்டும். படத்தில் இருப்பதை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது.

சேரும் முறை எளிது. நிறுவனத்தின் பங்களிப்பாளர் பக்கத்தில் கணக்குத் தொடங்கி, அடையாளச் சான்றைத் தந்து, படங்களைப் பதிவேற்ற வேண்டும். அடோபி ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் ஆகிய இரண்டும் குறைந்தது 4 மெகாபிக்சல் அளவுள்ள ஜேபெக் படங்களைக் கேட்கின்றன. இன்றைய நடுத்தரக் கைப்பேசியே அந்த அளவைக் கடந்துவிடும். எனினும் குறைந்த ஒளியில் எடுத்த கைப்பேசிப் படத்தை முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்; பரிசீலனையில் திரும்பி வருபவற்றுள் பல இத்தகையவையே.

வாங்குவோர் தேடுவது எதை?

அழகான சூரிய மறைவுப் படத்துக்குக் குடும்பத்தில் பாராட்டுக் கிடைக்கும். பட வங்கியில் விற்பனை கிடைப்பது அரிது. அங்கு ஏற்கெனவே பல இலட்சம் சூரியன்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. வாங்குவோர் ஒரு செய்தியைச் சொல்வதற்குத் துணையாகப் படத்தைத் தேடுகின்றனர். முதியோர் மருத்துவக் காப்பீடு பற்றிய கட்டுரைக்கு, மருந்துச் சீட்டைப் படிக்கும் இந்தியப் பாட்டி ஒருவர் வேண்டும். மின்னணுப் பணம் செலுத்துதல் பற்றிய விளம்பரத்துக்கு, காய்கறி வண்டியில் கைப்பேசியால் பணம் செலுத்தும் பெண் வேண்டும். தலைப்பு எழுத ஒரு பக்கம் வெற்றிடம் விட்டிருந்தால் வடிவமைப்பாளர் அதனையே விரும்பி எடுப்பார்.

இவ்வகையில் பார்த்தால் போபோடியைச் சுற்றிய வட்டாரம் படங்களுக்குப் பஞ்சமில்லாத இடம். முளா ஆறும், தாபோடியை இணைக்கும் ஹாரிஸ் பாலமும், 2023 ஆகஸ்ட் 1-இல் திறக்கப்பெற்ற போபோடி மெட்ரோ நிலையமும், பழைய மும்பை நெடுஞ்சாலையின் காலை நெரிசலும் ஒரு நகரம் மாறுவதைக் காட்டும் காட்சிகள். ஜேஷ்ட மாதத்தில் தேஹுவிலிருந்து புறப்படும் துக்காராம் பல்லக்கு, தாபோடி வழியாக இந்நெடுஞ்சாலையில்தான் புணேயை நோக்கி வருகின்றது. துளசி மாடத்தைத் தலையில் சுமந்து நடக்கும் பெண்களும், தாளம் தட்டும் வார்கரிகளும் நிறைந்த அந்த ஊர்வலம் செய்திப் பயன்பாட்டுக்கு ஏற்ற காட்சி. கட்கி, போபோடி பகுதித் தமிழ்க் குடும்பங்களின் பொங்கலும் அப்படியே. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் கோலமிட்டுப் பொங்கல் வைக்கும் காட்சி நமக்கு ஆண்டுதோறும் பழகியது. வேற்றூர் வடிவமைப்பாளருக்கு அது எளிதில் கிடைக்காத படம்.

எடுத்த படம் தேடுவோர் கண்ணில் பட வேண்டுமெனில் குறிச்சொற்கள் சரியாக அமைய வேண்டும். ஷட்டர்ஸ்டாக் ஒரு படத்துக்கு 7 முதல் 50 வரை குறிச்சொற்களை ஏற்கின்றது. அடோபி ஸ்டாக் 49 வரை ஏற்பதுடன், முதல் பத்துக்கு மிகுந்த முக்கியத்துவம் தருகின்றது. பொங்கல் படத்துக்குப் "பொங்கல்" என்று மட்டும் எழுதினால் போதாது. அறுவடைத் திருநாள், மண்பானை, கரும்பு, அரிசிமாக் கோலம், தென்னிந்தியா, குடும்பம், மரபு என்று, பொங்கலை அறியாதவரும் தேடக்கூடிய சொற்களை ஆங்கிலத்தில் தருதல் வேண்டும். விழாக்காலப் படங்களை விழாவுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே ஏற்றிவிடுவது நல்லது. தீபாவளி விளம்பரத்தை வடிவமைப்பவர் தீபாவளியன்று படம் தேடுவதில்லை.

வங்கியாளன் என்ற முறையில் ஒன்றைக் கூறியாக வேண்டும். பணம் செலுத்தும் காட்சியைப் படமெடுக்கும்போது கடைக்காரரின் க்யூஆர் குறியீடு, கடன் அட்டை எண், பாஸ்புக், ஆதார், பான் அட்டை ஆகியவை தெளிவாகத் தெரிந்துவிடக் கூடாது. பதிவேறிய படத்தை உலகின் எந்த மூலையிலும் முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்க முடியும். காலாவதியான அட்டையாயினும் எண்ணை மறைத்துவிடுதலே பாதுகாப்பு.

சட்டம் எங்கே குறுக்கிடுகின்றது?

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒளிப்படம் ஒரு கலைப்படைப்பு. பொதுவாக எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். அவர் வாழ்நாள் முழுவதும், அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலவும். 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்கு முன்பு, படம் வெளியிடப்பட்டதிலிருந்து 60 ஆண்டுகள் என்றே கணக்கிடப்பட்டது.

இப்பொது விதிக்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுத்துத் தரும் ஒளிப்படத்தில், மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், பணம் தந்தவரே முதல் உரிமையாளர் என்று அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகின்றது. பணியாளர் தம் பணியின் பகுதியாக எடுத்த படங்களிலும் உரிமை பொதுவாக முதலாளியையே சாரும். திருமணப் படப்பிடிப்பாளர்கள் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த திருமணப் படங்கள் வட்டில் இருக்கின்றன என்பதற்காக, அவை அவர்களுடைய சரக்கு ஆகிவிடுவதில்லை. படத்தில் இருப்போரின் ஒப்புதல் இல்லாமல் அவற்றை வணிக உரிமத்தில் ஏற்றினால் சிக்கல் இரட்டிப்பாகும்.

கட்டடங்களைப் பொறுத்தவரை, கட்டடக்கலைப் படைப்பையும் பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தையும் ஒளிப்படம் எடுத்து வெளியிடுதல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் மீறலாகாது. ஆனால் வணிகச் சின்னச் சட்டம் வேறு. மும்பையின் தாஜ்மகால் பேலஸ் ஓட்டல் 2017-இல் தன் கட்டடத் தோற்றத்துக்கே வணிகச் சின்னப் பதிவு பெற்றது. இந்தியாவில் அத்தகைய பதிவு பெற்ற முதல் கட்டடம் அதுவே. பாரிஸின் ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்துக்குத் தடையில்லை. இரவு விளக்கு அலங்காரத்துக்கோ தனிப் பதிப்புரிமை கோரப்படுகின்றது. எனவே பட வங்கிகள் புகழ்பெற்ற கட்டடங்களுக்கு உரிமையாளரின் ஒப்புதல் படிவத்தைக் கேட்பது வழக்கம்.

போபோடி, கட்கி வாசகர்களுக்கு மற்றோர் எச்சரிக்கையும் தேவை. 1869-இல் தொடங்கப்பெற்ற கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ளிட்ட பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் நம் வீடுகளுக்கு மிக அருகில் இருக்கின்றன. அன்றாடம் கடந்து செல்வதால் அவற்றின் மதில்கள் நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அலுவல்சார் இரகசியச் சட்டம், 1923 அவ்வாறு கருதுவதில்லை. பாதுகாப்புத் துறை வளாகங்களையும், படம் எடுக்கத் தடை என்ற பலகை உள்ள இடங்களையும் கேமராவின் எல்லைக்குள் கொண்டுவராதீர்கள். ட்ரோன் பறக்கவிட எண்ணுவோர், 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்கீழ் வெளியிடப்பட்டுள்ள டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தை முதலில் பார்க்க வேண்டும். லோகேகாவ் வான்படைத் தளமும் இராணுவப் பகுதிகளும் உள்ள நகரில் அனுமதியின்றிப் பறத்தல் ஆபத்தானது.

வருமானம்: கனவும் கணக்கும்

இனி, வாசகர்கள் ஆவலுடன் எதிர்பார்க்கும் பகுதிக்கு வருவோம். அடோபி ஸ்டாக் ஒளிப்பட உரிமத் தொகையில் 33 விழுக்காட்டைப் பங்களிப்பாளருக்குத் தருகின்றது. ஐஸ்டாக், தனக்கு மட்டும் என்று கட்டுப்படாத பங்களிப்பாளரின் ஒளிப்படங்களுக்கு 15 விழுக்காடு தருகின்றது. ஷட்டர்ஸ்டாக் 2020 சூன் முதல் ஆறு படிநிலைகளை வைத்துள்ளது. ஆண்டின் முதல் 100 உரிமங்கள் வரை 15 விழுக்காடு; பிறகு படிப்படியாக உயர்ந்து, 25,000-ஐக் கடந்தவருக்கு 40 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டும் சனவரி 1 அன்று அனைவரும் முதல் படிக்கே திரும்புவர். இம்மாற்றம் அறிவிக்கப்பட்டபோது உலகெங்கும் பங்களிப்பாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். சந்தா முறையில் விற்கும்போது ஒரு படத்துக்குக் கிடைப்பது 10 சென்ட் வரைகூடக் குறையலாம்.

சில மாதங்களுக்கு முன் இளைஞர் ஒருவர் எங்களிடம் ஒன்றரை இலட்சம் ரூபாய் கேமராக் கடன் கேட்டு வந்தார். திருமணப் படப்பிடிப்பில் உதவியாளராக இருப்பவர். திட்ட அறிக்கையில் வருமானம் என்ற இடத்தில் "இணையப் பட விற்பனை" என்று மட்டும் எழுதியிருந்தார். முந்தைய மாதத்தில் எத்தனை படங்கள் விற்றன என்று கேட்டோம். பத்தொன்பது என்றார். அவருடன் அமர்ந்து போட்ட கணக்கு இது. ஒரு விற்பனைக்குச் சராசரியாக 40 சென்ட் கிடைப்பதாகவும், ஒரு டாலர் 85 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டோம். ஒரு விற்பனைக்கு 34 ரூபாய். பத்தொன்பது விற்பனைக்கு 646 ரூபாய். ஒன்றரை இலட்சத்தை ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகளில் திருப்பிச் செலுத்துவதாகக் கொண்டால் மாதத் தவணை சுமார் 4,911 ரூபாய். தவணைக்கு மட்டும் மாதம் 145 படங்கள் விற்க வேண்டும். கேமராவின் தேய்மானம், இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, போக்குவரத்து ஆகியவை இதில் சேரவில்லை.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், வட்டில் உள்ள திருமணப் படங்கள் அனைத்தையும் ஏற்றினால் விற்பனை கூடுமே என்றார். மேலே கூறிய 17-ஆம் பிரிவை அப்போதுதான் அவருக்கு விளக்கினோம். திருமணங்களில் கிடைக்கும் உறுதியான கூலியை அடிப்படையாகக் கொண்டு, பழைய கேமரா ஒன்றை வாங்கும் அளவுக்குக் கடன் தொகையைக் குறைத்துத் திட்டத்தை மாற்றி எழுதினார். கடன் வழங்கப்பட்டது. பட விற்பனைப் பணத்தை அவர் தனியே ஒரு தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து வருகின்றார்.

பிரதம மந்திரி முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கப்பெற்றது. அதில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 இலட்சம் வரையும் சிறுதொழில்களுக்குக் கடன் கிடைக்கின்றது. ஒளிப்பட நிலையம் நடத்துவோரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கடன் எந்த வருவாயிலிருந்து திரும்பும் என்பதை விண்ணப்பதாரர் தமக்குத் தாமே முதலில் நிறுவிக்கொள்ள வேண்டும். பட வங்கி வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று. நூற்றுக்கணக்கான படங்கள் சேர்ந்த பின்னரே மெல்லச் சுரக்கும் ஊற்று. கையில் உள்ள கேமராவாலோ கைப்பேசியாலோ ஓராண்டு முயன்று, எவ்வகைப் படம் விற்கின்றது என்று கண்ட பிறகு முதலீட்டைப் பற்றி எண்ணுவதே விவேகம்.

டாலர் கணக்கில் வரவாகும் வழி

குறிப்பிட்ட குறைந்த அளவு சேர்ந்த பின்னரே பணத்தைப் பெற முடியும். அடோபி ஸ்டாக்கில் அது 25 டாலர். ட்ரீம்ஸ்டைமில் 100 டாலர். மேற்கண்ட சராசரிப்படி 25 டாலர் சேர 63 விற்பனைகள் வேண்டும். பேபால், பேயோனியர் போன்ற இடைநிலைச் சேவைகள் வழியாகப் பணம் இந்தியாவுக்கு வருகின்றது. அச்சேவையில் பான் எண், வங்கிக் கணக்கு, பணம் வரும் காரணத்தைக் குறிக்கும் பயன்நோக்குக் குறியீடு ஆகியவற்றைச் சரியாகப் பதிய வேண்டும். கணக்கிலுள்ள பெயரும் பான் அட்டையிலுள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் அவசியம். டாலரை ரூபாயாக மாற்றும் விகிதத்திலும் கட்டணம் அடங்கியிருக்கும்; ஆகவே சிறு சிறு தொகையாக எடுப்பதைவிடச் சேர்த்து எடுப்பது சிக்கனமா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்துக்கான வரவு அறிக்கையைப் பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்வது பின்னாளில் உதவும்.

அமெரிக்க நிறுவனங்கள் பங்களிப்பாளரிடம் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைக் கேட்கும். பலர் இதனைக் கண்டு அஞ்சி நிரப்பாமல் விட்டுவிடுகின்றனர். நிரப்பாவிடில், அமெரிக்காவில் விற்ற உரிமங்களின் தொகையில் 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். இந்திய-அமெரிக்க இரட்டை வரி விலக்கு ஒப்பந்தத்தின்படி உரிமத் தொகைக்கான வரி 15 விழுக்காடு. பான் எண்ணைக் குறிப்பிட்டுப் படிவத்தை நிரப்புவோர் இச்சலுகையைப் பெறலாம். கையொப்பமிட்ட ஆண்டை அடுத்து வரும் மூன்றாம் ஆண்டின் இறுதி வரை படிவம் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

அங்கு வரி பிடித்துவிட்டார்கள், இங்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் வசிப்பவரின் உலகளாவிய வருமானம் இங்கு வரிக்கு உட்பட்டது. பிடித்த வரியையும் சேர்த்த முழுத்தொகையை வருமானமாகக் காட்டி, வெளிநாட்டில் செலுத்திய வரிக்குரிய படிவத்தையும் தாக்கல் செய்தால், அவ்வரியை இங்குச் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். சேவை வழங்குவோருக்குச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவின் பொது வரம்பு ஆண்டுக்கு 20 இலட்சம் ரூபாய். பிற தொழில் வருமானமும் உள்ளவர்கள் மொத்த விற்றுமுதலைக் கணக்கிட்டுப் பட்டயக் கணக்காளரின் ஆலோசனையைப் பெறுவது நலம்.

மோசடிகள் பற்றி

முறையான பட வங்கி எதுவும் பங்களிப்பாளரிடம் பதிவுக் கட்டணம் கேட்பதில்லை. விற்பனையில் பங்கு பெறுவதே அவற்றின் வருவாய். "உங்கள் படம் 50,000 ரூபாய்க்கு விற்றுவிட்டது, தொகையை விடுவிக்க 2,000 ரூபாய் வரி செலுத்துங்கள்" என்று கூறுவோர் பணம் தர வருபவர்கள் அல்லர், பறிக்க வருபவர்கள். பணம் பெறுவதற்கு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ யூபிஐ இரகசிய எண்ணை இடவோ தேவையே இல்லை. மற்றவர் பணத்தை உங்கள் கணக்கில் வாங்கி அனுப்பித் தரும்படி எவரேனும் "கமிஷன்" பேசினால் உடனே மறுத்துவிடுங்கள். பண மோசடிக் குற்றத்தில் கணக்கு வைத்திருப்பவரே முதலில் சிக்குவார். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

கணினியே படம் வரையும் காலத்தில் இத்தொழில் நிலைக்குமா என்ற ஐயம் நியாயமானது. கெட்டி இமேஜஸ் 2022-இல் செயற்கை நுண்ணறிவுப் படங்களை ஏற்க மறுத்தது. அடோபி ஸ்டாக் அதே ஆண்டு இறுதியில், அத்தகைய படம் என்று அடையாளமிட்டால் ஏற்பதாக அறிவித்தது. தன் களஞ்சியப் படங்களைக் கொண்டு பயிற்றுவித்த ஃபயர்ஃபிளை மென்பொருளை அடோபி 2023-இல் வெளியிட்டு, பங்களிப்பாளர்களுக்குத் தனி ஊக்கத்தொகையும் வழங்கியது. ஷட்டர்ஸ்டாக்கும் பங்களிப்பாளர் நிதி ஒன்றை ஏற்படுத்தியுள்ளது. உடன்படும் முன் இப்பயிற்சி பற்றிய விதிகளை ஒவ்வொரு நிறுவனத்திலும் படித்துப் பார்த்தல் நன்று.

கைகுலுக்கும் இரு வணிகர், வெண்ணிறப் பின்னணியில் ஓர் ஆப்பிள் போன்ற பொதுப் படங்களை இனிக் கணினி நொடியில் உருவாக்கிவிடும். அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ் போன்ற தளங்களில் அவை முன்பே இலவசமாகவும் கிடைக்கின்றன. இவ்வாண்டுப் பல்லக்கு ஊர்வலத்தில் மழையில் நனைந்த வார்கரியின் முகத்தையோ, முளா ஆற்றில் வெள்ளம் ஏறிய நாளையோ கணினி கற்பனை செய்து தரலாம். நிகழ்ந்ததற்குச் சான்றாகத் தர முடியாது. நிகழ்ந்த இடத்தில் நின்று எடுத்த படத்தின் மதிப்பு அங்குதான் உள்ளது. புதிதாகத் தொடங்குவோர் தம் ஊரையும் தம் தொழிலையும் தம் சமையலறையையும் படமெடுப்பதே பயன் தரும்.

தொடங்குவோர் நினைவில் கொள்ள

• முதல் ஆண்டில் இரண்டு நிறுவனங்கள் போதும். வாரம் பத்துப் படம் என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

• ஒப்புதல் படிவங்களை, படத்தின் எண்ணைக் குறித்து, படத்துடன் சேர்த்தே பாதுகாத்து வையுங்கள்.

• திரும்பி வந்த படங்களின் காரணத்தைக் குறித்து வையுங்கள். அதே குறை மூன்றாம் முறை வரக்கூடாது.

• செலவுச் சீட்டுகள், விற்பனை அறிக்கைகள், பிடித்த வரியின் விவரம் ஆகியவற்றை நிதியாண்டு வாரியாகக் கோப்பிடுங்கள்.

• மூலப்படங்களின் பிரதியை வேறொரு வட்டில் வைத்திருங்கள்.

• பதிப்புரிமை உங்களுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் வாழும் சொத்து. எந்தெந்த நிறுவனத்தில் கணக்கு இருக்கின்றது என்பதைக் குடும்பத்தில் ஒருவருக்கேனும் தெரிவித்து, உயில் எழுதுவோர் அதிலும் குறிப்பிடுங்கள். பணம் வரவாகும் வங்கிக் கணக்கில் நியமனதாரர் பதிவு உள்ளதா என்று இன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வரவு, கணக்கு விவரப் பொருத்தம், சிறுதொழில் கடன் ஆகியவை குறித்து ஐயம் இருப்பின் உங்கள் கிளை அலுவலரை அணுகலாம். கடன் கேட்டு வருவோர், கடந்த ஆறு மாத விற்பனை அறிக்கையையும் கையோடு எடுத்து வந்தால் பேச்சு பாதி முடிந்துவிடும்.